ஒரு சாலை மரணமும் அதன் தஸ்தாவேஜுகளும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று பார்ப்பவருக்கு, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் வரம்பு கட்டி நிற்க, இடையே விரிந்து கிடக்கும் சமவெளியைக் கிழித்துக்கொண்டு நாலா திசைகளிலும் ஓடும் சாலைகள் கண்ணில் படும். கரூரிலிருந்து வேடசந்தூர் வழியாக வந்து, நகரத்தை ஒதுங்கிக் கடந்து, கொடைரோடு வழியாக மதுரைக்குப் போவது, காஷ்மீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டு. திருச்சியிலிருந்து அய்யலூர், வடமதுரை வழியாக வந்து ஒட்டன்சத்திரம், பழனி என்று மேற்கே செல்வது 83-ஆம் எண் சாலை. வத்தலக்குண்டைத் தாண்டித் தேனிக்கும், அதற்கப்பால் கேரளத்துக்கும் போவது 183-ஆம் எண் சாலை. ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகும் லாரிகளும், ஷிப்டு மாறும் வேளையில் நூற்பாலைப் பெண்களைச் சுமந்து செல்லும் பேருந்துகளும், கொடைக்கானலுக்கு விரையும் உல்லாசப் பிரயாணிகளின் கார்களும், தை மாதம் பிறந்தால் பழனியை நோக்கி இரவு பகலாக நடக்கும் முருக பக்தர்களும், பால் கேனை மாட்டிக்கொண்டு மொபெட்டில் சொசைட்டிக்குப் புறப்படும் கிராமத்துப் பெரியவரும் இந்தச் சாலைகளையே தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பங்கீடு எப்போதும் சுமுகமாக நடப்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் சாலைகளில் 64,105 விபத்துகள் நடந்தன; 17,884 பேர் உயிரிழந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு இந்தியாவிலேயே முதலிடம் நம்முடையது. இத்தனை மரணங்களில் ஒவ்வொன்றுக்கும் ஏதாவதொரு காவல் நிலையத்தில் ஒரு கோப்பு உண்டு. அந்தக் கோப்பு எவ்விதம் பிறக்கிறது, யார் யார் கையில் வளர்கிறது, அதில் எழுதப்படுவதும் எழுதாமல் விடப்படுவதும் இறந்தவரின் குடும்பத்தையும், இனி அதே சாலையில் போகப் போகிறவர்களையும் எப்படிப் பாதிக்கின்றன என்பதைச் சாமானிய ஜனங்கள் அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் அதை அறிந்துகொள்ளவேண்டிய நாள் எவருக்கும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

ஒரு விபத்தைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். வேடசந்தூருக்குத் தெற்கே, நான்கு வழிச் சாலையின் நடுத்திட்டில் விடப்பட்டிருக்கும் ஓர் இடைவெளியில், பொழுது சாயும் நேரம். மொபெட்டில் வந்த ஒரு பெரியவர் மேற்குப் பக்கம் இருக்கும் தம் ஊருக்குப் போவதற்காகச் சாலையைக் குறுக்கே கடக்கிறார். திண்டுக்கல் பக்கமிருந்து வந்த கார் ஒன்று அவர்மேல் மோதுகிறது. யாரோ 108-ஐ அழைக்கிறார்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலுதவி நடக்கிறது. தலைக்காயம் பலமாக இருப்பதால் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். விடியுமுன் உயிர் பிரிந்துவிடுகிறது.

இந்த மரணத்தைப் பற்றிய முதல் எழுத்தைப் போலீசார் எழுதுவார்கள் என்றுதான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அதை எழுதுகிறவர் அவசரப் பிரிவில் இருக்கும் டாக்டர். விபத்துப் பதிவேடு என்று ஒரு புத்தகம் அங்கே உண்டு; காயம்பட்டவரை யார் கொண்டு வந்தார்கள், எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வாகனத்தால் அடிபட்டதாகச் சொன்னார்கள் என்பதை அவர் அதில் இரண்டு மூன்று வரிகளில் குறித்து, மருத்துவமனையிலேயே இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட்டுக்குத் தகவல் அனுப்புகிறார். ரத்தத்தையும் கூக்குரலையும் கண்டு கலங்கி நிற்கும் ஒரு மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ, தாம் நேரில் பார்க்காத சம்பவத்தை, “வண்டியிலிருந்து கீழே விழுந்துட்டாருங்க” என்று சொல்லிவிட்டால், அந்த வாக்கியம் அப்படியே ஏறிவிடுகிறது. பல மாதங்கள் கழித்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் நீட்டுவது இந்த ஏட்டின் நகலைத்தான்: தானாக விழுந்தவர் என்று முதலில் எழுதியிருக்க, கார் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். ஆகையால் மருத்துவமனை வாசலில் நிற்கிறவர்கள் தெரிந்ததைத் தெரிந்ததென்றும், தெரியாததைத் தெரியாதென்றும் சொல்வதே குடும்பத்துக்குச் செய்யும் பேருதவி.

அடுத்தபடி முதல் தகவல் அறிக்கை. சம்பவம் எந்த நிலையத்தின் எல்லையில் நடந்ததோ, அங்கே உறவினர் ஒருவர் போய்ப் புகார் கொடுக்கிறார். அல்லது உதவி ஆய்வாளரே மருத்துவமனைக்குச் சென்று வாக்குமூலம் வாங்கிக்கொள்கிறார். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டபடியால், உயிரோடிருக்கும் காயம்பட்டவருக்காக 281, 125 ஆகிய பிரிவுகளில் வழக்குப் பதிவாகிறது. மதுரையிலிருந்து இறப்புச் செய்தி வந்ததும், அது 106(1)-ஆம் பிரிவுக்கு மாற்றப்பட்டு, மாற்றல் அறிக்கை நடுவர் நீதிமன்றத்துக்குப் போகிறது. தலைமுறை தலைமுறையாக ஜனங்களின் நாவில் பழகிப்போன ‘முந்நூற்று நாலு ஏ’ என்ற பிரிவு 1870-இல் பழைய சட்டத்தில் சேர்க்கப்பட்டது; அதற்கு உச்சபட்ச தண்டனை இரண்டு வருஷம். புதிய பிரிவில் அது ஐந்து வருஷமாக உயர்ந்திருக்கிறது. விபத்தை விளைவித்துவிட்டுத் தகவல் தெரிவிக்காமல் ஓடிப்போகிறவனுக்குப் பத்து வருஷம் என்று சொல்லும் 106(2)-ஆம் உட்பிரிவோ, 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நாடெங்கும் செய்த வேலைநிறுத்தத்துக்குப் பின், அமலுக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது.

புகாரின் வாசகத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். திண்டுக்கல்லிலாகட்டும், திருநெல்வேலியிலாகட்டும், சாலை விபத்துப் புகார் எதை எடுத்தாலும், எதிரி தன் வாகனத்தை ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டி வந்து மோதிவிட்டதாக ஒரு வரி இருக்கும். நிலைய எழுத்தரின் பேனாவுக்கு அந்த வரி மனப்பாடம். சட்டப் பிரிவுக்குத் தேவையான அம்சங்கள் அதில் அடங்கியிருப்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், சம்பவத்தைக் கண்ணால் காணாத ஒரு மகனின் பெயரால் வேகமும் அஜாக்கிரதையும் ருசுவாகிவிட்டதுபோல எழுதப்படும்போது, உண்மையில் என்ன நடந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய விசாரணை, தன் முதல் வரியிலேயே விடையை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குகிறது. இதன் பலனைப் பின்னால் பார்ப்போம்.

ஸ்தலத்துக்கு வருவோம். மறுநாள் காலையில், அல்லது அன்று இரவே டார்ச் வெளிச்சத்தில், விசாரணை அதிகாரி அங்கே நின்று இரண்டு காரியங்களைச் செய்கிறார். ஒன்று பார்வை மகஜர். மற்றொன்று மாதிரி வரைபடம். மகஜரில் சாலை எத்திசையிலிருந்து எத்திசைக்குப் போகிறது, தார்ச்சாலையின் அகலம் எவ்வளவு, மண் ஓரம் எவ்வளவு, நடுத்திட்டு எங்கே, மின்விளக்கு உண்டா, கண்ணாடித் துண்டுகளும் ரத்தக்கறையும் எங்கே கிடந்தன என்பவை எழுதப்பட்டு, ஊரைச் சேர்ந்த இருவர் சாட்சிகளாகக் கையொப்பம் இடுகிறார்கள். வரைபடம் பெரும்பாலும் வெள்ளைத் தாளில் பேனாவால் கிழித்த கோடுகள்தான்: மேலே வடக்கு என்று ஓர் அம்புக்குறி, இரண்டிரண்டாக இணைகோடுகள், வேடசந்தூர் இந்தப் பக்கம், திண்டுக்கல் அந்தப் பக்கம், ஒரு புளியமரம், ஒரு டீக்கடை, மோதிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அளவுத்திட்டம் கிடையாது. இந்தப் பெருக்கல் குறி நடுத்திட்டை ஒட்டி விழுகிறதா, இரண்டடி தள்ளி இடது பக்கம் விழுகிறதா என்பதைப் பொறுத்தே, பெரியவர் திடீரென்று குறுக்கே புகுந்தாரா, கிட்டத்தட்டக் கடந்து முடித்துவிட்ட நிலையில் அடிபட்டாரா என்று பிற்பாடு நீதிபதி தீர்மானிக்க நேரும். அவர் மீதும் பாதிக் குற்றம் என்று முடிவானால், குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகையும் பாதியாகும். காகிதத்தில் ஒரு விரற்கடைத் தூரம், ஒரு வீட்டின் பல வருஷ ஜீவனம்.

ஸ்தலத்தில் இன்னொரு மௌன சாட்சியும் உண்டு; அதன் ஆயுசு மிகக் குறைவு. பிரேக் அழுத்தியபோது தாரின்மேல் டயர் தேய்ந்து விழுந்த கரிய கோடுகளைச் சொல்கிறேன். உலர்ந்த தார்ச்சாலையில் சக்கரங்கள் சுழலாமல் இழுபட்டு, முப்பது மீட்டர் தடம் போட்டு ஒரு கார் நின்றிருக்குமானால், அது பிரேக் பிடித்த கணத்தில் மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் வந்திருக்கவேண்டும் என்பதைப் பள்ளிக்கூடப் பௌதிகத்தைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். இக்காலக் கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி தடுக்கும் பிரேக் அமைப்பு இருப்பதால் தடம் மங்கலாகவே விழுகிறது என்பது மெய்தான். ஆனால் விழுந்த தடத்தையும் பிந்திவரும் நூற்றுக்கணக்கான லாரிகள் அழித்துவிடுகின்றன. அளக்கும் நாடாவோடு முதல் ஒரு மணி நேரத்தில் ஒருவர் அங்கே நிற்காவிட்டால், அந்தச் சாட்சியம் திரும்பக் கிடைக்காது. ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் ஸ்தலத்துக்கு வந்தாகவேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் விதிக்கிறது. சாலை மரணத்துக்கு உச்ச தண்டனை ஐந்து வருஷம் என்பதால், அது அந்த வரம்புக்குள் வருவதில்லை. ஓர் ஆண்டில் இத்தனை ஆயிரம் பேரைக் கொண்டுபோகும் ஒரு காரணத்துக்கு விஞ்ஞானத்தின் துணை கட்டாயமில்லை என்று விட்டிருப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையே பிரேத விசாரணை நடக்கவேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் அந்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 194-ஆம் பிரிவுப்படி, உள்ளூரில் மதிப்புள்ள இருவருக்குக் குறையாத பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேதத்தைப் பார்வையிட்டு, காயங்களை வர்ணித்து, மரணத்துக்குக் காரணமாகத் தோன்றுவதை எழுதி, இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மேலே அனுப்பவேண்டும். நம் பெரியவர் மதுரையில் இறந்தார் என்பதால், உதவி ஆய்வாளர் ஒரு காவலரைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போகிறார். சவக்கிடங்கு வாசலில் ஊரார் கூடியிருக்க, அவர் ஒவ்வொருவராக அழைத்து, “ஐயா, நீங்க இவருக்கு என்ன வேணும்?” என்று ஆரம்பித்து, கடைசியாக உயிரோடு பார்த்தது யார், எப்போது, யார்மேலாவது சந்தேகம் உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதுகிறார். அழுது களைத்த பெண்களிடம் இக்கேள்விகளைக் கேட்பது கொடுமைபோலத் தோன்றினாலும், விபத்து என்ற போர்வையில் கொலை மறைந்துவிடாதபடி காப்பது இந்தக் கேள்விகளே. அது முடிந்தபின்தான் பிரேதப் பரிசோதனை. அதன் பின்புதான் உடல் வீட்டுக்கு வரும். அதுவரை வாசலில் நிற்கும் உறவினரிடம் போலீசார் வீண் தாமதம் செய்வதாக ஒரு மனத்தாங்கல் எழுவது சகஜம்.

அங்கே எழுதப்படும் ஒரு சிறு விவரத்துக்கு எத்தனை கனம் உண்டென்று காட்டுகிறேன். இறந்தவரின் வயது என்று ஒரு கட்டம் இருக்கிறது. மகன் தடுமாறி, “அறுபது, அறுபத்திரண்டு இருக்குங்க” என்கிறார்; 62 என்று எழுதப்படுகிறது. ஆதார் அட்டையின்படி அவருக்கு 58. உச்ச நீதிமன்றம் சரளா வர்மா வழக்கில் 2009-லும், பிரணய் சேத்தி வழக்கில் 2017-லும் வகுத்த கணக்கின்படி, மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்த ஒருவர் 58 வயதில் இறந்தால், வருங்கால உயர்வுக்காகப் பத்து சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கு கழித்து, ஒன்பதால் பெருக்கவேண்டும். வருமான இழப்பு மட்டும் 9,50,400 ரூபாய். அறுபதைத் தாண்டியவர் என்றாலோ, கூட்டுத்தொகை கிடையாது, பெருக்கும் எண்ணும் ஏழு. 6,72,000 ரூபாயோடு முடிந்துவிடும். வயதுச் சான்றைப் பின்னால் காட்டித் திருத்திக்கொள்ள வழியுண்டு. ஆயினும் முதல் நாளே ஆதார் அட்டையையோ வாக்காளர் அட்டையையோ எடுத்து வந்து காட்டிவிடுகிற குடும்பத்துக்கு அந்த அலைச்சல் இல்லை.

வாகனங்களைப் பரிசோதிப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர். நம் ஜனங்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கும் அதிகாரி. நிலைய வாசலில் நசுங்கிய முகத்தோடு நிற்கும் காரையும் உருக்குலைந்த மொபெட்டையும் அவர் பார்வையிட்டு, பிரேக், ஸ்டீரிங், டயர், விளக்குகள் ஆகியவற்றின் நிலையைக் குறித்து, விபத்து இயந்திரக் கோளாறினால் நேர்ந்ததா இல்லையா என்று சான்று தருகிறார். பெரும்பாலான அறிக்கைகள் கோளாறு இல்லை என்றே முடியும். சேதம் வாகனத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்ற அவருடைய குறிப்பே வரைபடத்தைச் சரிபார்க்க உதவும் உரைகல் என்பதால், அந்த ஒரு பக்கத்தை அலட்சியமாகப் புரட்டக்கூடாது.

மோதிய வாகனம் நிற்காமல் போய்விட்டால் வேலை வேறு மாதிரி. தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் காரைக்குடிச் சீமையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாக லட்சக்கணக்கானோர் நடந்து வருகிறார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர்கள் அநேகர். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கரைப் போலீசார் ஒட்டி அனுப்பினாலும், தூக்கக் கலக்கத்தில் வரும் ஓர் ஓட்டுநரின் கண்ணுக்கு அது படாமற்போகும் இரவுகள் உண்டு. அப்போது ஸ்தலத்தில் கிடைக்கும் உடைந்த முகவிளக்குக் கண்ணாடி, ஒரு சில்லு பெயிண்ட், பம்பரின் துண்டு ஆகியவற்றை வைத்து எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று ஊகித்து, கொடைரோடு, வேலன்செட்டியூர் போன்ற சுங்கச்சாவடிகளின் கேமராக்களில் அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் கடந்த வாகனங்களை ஒவ்வொன்றாகச் சலித்து, முன்புறம் சேதமான வண்டி எந்தப் பட்டறைக்கு வந்தது என்று விசாரித்து, காவலர்கள் நாட்கணக்கில் அலைகிறார்கள். இப்படிப் பொறுமையாகத் தேடிப் பிடித்த காவலர்களின் உழைப்பு நம்மிடையே போதுமான அளவு பாராட்டப்படுவதில்லை என்பது என் எண்ணம். வண்டி அகப்படவேயில்லை என்றாலும் குடும்பம் வெறுங்கையோடு போகவேண்டியதில்லை: அடையாளம் தெரியாத வாகனத்தால் நேரும் மரணத்துக்கு மத்திய சர்க்கார் திட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் இரண்டு லட்சம் ரூபாய் தரப்படுகிறது, முன்பு அது 25,000 ரூபாயாக இருந்தது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் இதற்கென்று மனுப் போடலாம் என்பதையே அறியாத குடும்பங்கள் எத்தனையோ!

செத்துப்போனவர் மீதே வழக்குப் பதிவாகும் சந்தர்ப்பமும் உண்டு. நடுத்திட்டில் தானே மோதி விழுந்த இளைஞனோ, நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியவனோ இறந்துவிட்டால், குற்றம் அவனுடையதென்று எழுதி, எதிரி இறந்துவிட்டபடியால் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று கோப்பை மூடிவிடுவார்கள். “செத்த பிள்ளை மேலயே கேஸ் போட்டுட்டாங்களே” என்று அந்தத் தாய் நிலையத்து வாசலில் மண்ணை வாரித் தூற்றுவதைக் கண்டவர் மறக்கமாட்டார்கள். இதிலும் குடும்பம் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றிருக்கிறது: வண்டி சொந்தக்காரராகிய ஓட்டுநருக்கு 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்கப்பட்டிருந்து, அவரிடம் செல்லத்தக்க லைசென்ஸும் இருந்தால், குற்றம் அவருடையதே ஆனாலும் அத்தொகையைக் கோரலாம். நின்றிருந்த லாரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்விளக்கோ பிரதிபலிப்பு நாடாவோ இல்லாமல், நெடுஞ்சாலையின் ஓடுபாதையிலேயே அதை நிறுத்தி வைத்தவனை விசாரணை கேள்வி கேட்டதா என்பதை, கோப்பு மூடப்படுமுன் குடும்பத்தார் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர்களுடைய உரிமை.

முன்காலத்தில் இழப்பீட்டு வழக்குக்கான காகிதங்களைச் சேகரிப்பதே ஒரு தனி யாத்திரையாக இருந்தது. முதல் தகவல் அறிக்கைக்கு ஓரிடம், பிரேதப் பரிசோதனைச் சான்றுக்கு ஓரிடம், வாகன ஆய்வாளர் அறிக்கைக்கு ஓரிடம் என்று விதவைகளும் முதியோரும் அலைந்து, நடுவில் புகுந்த தரகர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். டெல்லி உயர் நீதிமன்றத்தில் தோன்றி வளர்ந்த ஒரு முறையை ஒட்டி, 2022 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதிகள் இந்தப் பாரத்தைப் போலீசார் தோளுக்கு மாற்றியிருக்கின்றன. விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் போகவேண்டும். பத்து நாளில் பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய உரிமைகள் எழுதப்பட்ட படிவம் தரப்படவேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான அறிக்கை. 2022 டிசம்பர் 15-ஆம் தேதி கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்விதிகளை நாடெங்கும் நிறைவேற்றும்படி உத்தரவிட்டது. விரிவான அறிக்கையையே தீர்ப்பாயம் இழப்பீட்டு மனுவாக ஏற்றுக்கொள்ளலாம். தனியாக மனுப் போடுவதற்கோ, அதே 2022 ஏப்ரல் முதல் ஆறு மாத வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது; அந்த வரம்பை எதிர்த்து வழக்குகள் நடந்திருந்தாலும், அதை நம்பி நாளைக் கடத்துவது விவேகமாகாது.

இரண்டு நீதிமன்றங்களின் நோக்கும் வேறு வேறு என்பதையும் மனத்தில் கொள்ளவேண்டும். நடுவர் நீதிமன்றத்தில் ஓட்டுநரின் குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி ருசுவாகவேண்டும். சில வருஷங்கள் கழித்து, டீக்கடைக்காரர் கூண்டிலேறி, சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டால், ஓட்டுநர் விடுதலையாகிவிடுவார். தீர்ப்பாயத்தில் அப்படியன்று, எது நடந்திருக்க அதிக சாத்தியமோ அதுவே போதும். ஓட்டுநர் விடுதலையானார் என்பதற்காக இழப்பீடு கிடைக்காது என்று குடும்பத்தார் மனம் தளர வேண்டியதில்லை. அடிபட்டவரைத் தூக்கிச் சென்ற வழிப்போக்கர்களும் அஞ்ச வேண்டியதில்லை. 2016 மார்ச் 30-இல் சேவ் லைஃப் பவுண்டேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு அளித்த பாதுகாப்பு, 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவாகவே சேர்ந்துவிட்டது. பெயர் சொல்லும்படி அவர்களை யாரும் நிர்ப்பந்திக்க முடியாது.

இப்போது அந்த மனப்பாட வரிக்குத் திரும்புவோம். ஒவ்வொரு கோப்பிலும் அதிவேகம் என்று எழுதப்படுவதால், கோப்புகளைத் தொகுத்து வெளியிடப்படும் வருஷாந்தரக் கணக்கிலும் அதிவேகமே மேலோங்கி நிற்கிறது. 2022-இல் நாடு முழுவதும் நேர்ந்த சாலை மரணங்களில் நூற்றுக்கு எழுபத்தொன்றுக்கு மேல் அதன் தலையில் ஏற்றப்பட்டிருக்கின்றன. வேகம் கொல்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வேடசந்தூர்ச் சாலையில் அந்தப் பெரியவர் ஏன் அந்த இடைவெளியில் கடந்தார் என்ற கேள்விக்குக் கோப்பில் இடமே இல்லை. ஊர் சாலைக்கு மேற்கே, பால் சொசைட்டி கிழக்கே, சுரங்கப்பாதையோ மேம்பாலமோ இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, அணுகுசாலை பாதியில் நின்றுபோயிருக்கலாம், இடைவெளியில் விளக்கில்லாமலிருக்கலாம், நடுத்திட்டில் வளர்ந்த அரளிச்செடி மொபெட்டையும் காரையும் ஒன்றுக்கொன்று தெரியாமல் மறைத்திருக்கலாம். ஐந்து வருஷத்துக்கு முன்பு இன்னொருவர் அதே இடத்தில் இறந்தபோதும் இதே அரளிச்செடி இருந்திருக்கக்கூடும். ஓட்டுநரின் பெயரைக் கண்டுபிடித்தவுடன் விசாரணை நிறைவு பெறுகிறது. இடைவெளி அப்படியே திறந்து கிடக்கிறது.

இதற்கு விசாரணை அதிகாரியை மட்டும் நோவது அநியாயம். திருட்டு, அடிதடி, திருவிழாப் பந்தோபஸ்து, வி.ஐ.பி. வருகை, நீதிமன்ற சம்மன் என்று சகலமும் ஒரே நிலையத்தின் தலைமேல் இருக்கும்போது, சாலைப் பொறியியலையும் அவரே கற்றுத் தேரவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சட்டமும் அவரைக் குற்றவாளியைத் தேடத்தான் அனுப்புகிறது. சுவீடன் தேசத்தில், சாலையில் எவரும் சாகக்கூடாது என்ற கொள்கையை 1997-இல் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது முதல், ஒவ்வொரு சாலை மரணத்தையும் போலீஸ் விசாரணையிலிருந்து தனித்து, சாலை நிர்வாகமே ஆராய்கிறது. யாரைத் தண்டிப்பது என்ற கவலை அந்த ஆய்வாளர்களுக்கு இல்லை, இந்த உயிர் போகாமலிருக்கச் சாலையில் என்ன இருந்திருக்கவேண்டும் என்பதையே கேட்கிறார்கள். நம் சட்டத்திலும் இதற்கு வித்து இல்லாமலில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, விபத்துகளின் காரணங்களை ஆழ்ந்து ஆராயத் திட்டம் வகுக்கும்படி சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவோ, சாலையை வடிவமைத்தவரோ, கட்டிய ஒப்பந்தக்காரரோ, பராமரிக்கும் அதிகாரியோ உரிய தரத்தைக் காக்கத் தவறியதால் மரணம் நேர்ந்தால், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. வரைபடத்தில் அரளிச்செடியும் அணைந்த விளக்கும் குறிக்கப்படாதவரையில் இந்தப் பிரிவு எப்படி உயிர்பெறும்?

கருவியும் கையில் வந்துவிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து உருவாக்கி, 2021-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் முதலில் வெள்ளோட்டம் விடப்பட்ட ஒருங்கிணைந்த விபத்துத் தகவல் தொகுப்பில், காவலர் ஸ்தலத்தில் நின்றபடியே கைப்பேசியில் இடக்குறிப்பையும் புகைப்படங்களையும் ஏற்றுகிறார். போலீஸ், போக்குவரத்து, நெடுஞ்சாலை, மருத்துவம் ஆகிய நான்கு இலாக்காக்களும் ஒரே பதிவில் தத்தம் பகுதியை நிரப்ப ஏற்பாடு இருக்கிறது. சுமார் ஐந்நூறு மீட்டர் தூரத்துக்குள் மூன்று வருஷத்தில் மரணமோ கொடுங்காயமோ விளைத்த ஐந்து விபத்துகள் நடந்தாலோ, பத்துப் பேர் இறந்தாலோ, அது கரும்புள்ளி என்று குறிக்கப்பட்டுத் திருத்தத்துக்கு வருகிறது. பத்தாவது மரணம் வரையில் காத்திருக்காமல், முதல் மரணத்தின் மறுநாள் காலையிலேயே, உதவி ஆய்வாளர் நாடாவைப் பிடிக்கும்போது அதன் மறுமுனையை நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் பிடிக்கவேண்டும் என்றும், இருவரும் கையெழுத்திட்ட வரைபடத்தின் நகல் இறந்தவரின் குடும்பத்துக்கும் தரப்படவேண்டும் என்றும் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் உத்தரவு பிறக்குமானால், அதற்குப் புதிய சட்டமோ பெரும் பணமோ தேவைப்படாது.